ஏரிக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு?

ஐப்பசி பிறந்து மழை வலுத்ததும் சென்னையின் தெற்குப் புறநகரில் எல்லோர் வாயிலும் சில சொற்கள் புழங்கத் தொடங்கும். கன அடி, உபரிநீர், கலங்கல், கரை உடைப்பு. முடிச்சூரில் இருப்பவர் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதறுகிறார். செம்பாக்கத்தில் இருப்பவருக்குத் தெருமுனையில் உள்ள ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது தெரியவில்லை. சித்திரையில் இதே மக்கள் தண்ணீர் லாரிக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் மூழ்குவதும் கோடையில் காய்வதும் ஒரே ஊரில் எப்படி நடக்கிறது? இதற்கு விடை வேண்டுமென்றால் ஏரி என்ற அமைப்பு எப்படி வேலை செய்தது, இப்போது ஏன் அப்படி வேலை செய்யவில்லை என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். தாம்பரம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பீர்க்கன்காரணை வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். வேலைக்கு நகரத்துக்குப் போய்வருபவர்கள் அடர்ந்து வாழும் பகுதி இது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, இவற்றில் முடிச்சூர் ஊராட்சி தவிர மற்றவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன.

முதலில் சில சொற்கள்

ஏரி என்றதும் இயற்கையான பெரிய நீர்ப்பரப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை மனிதர் கட்டியவை. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவில் மண்கரை போட்டு, மேட்டிலிருந்து வரும் மழைநீரை நிறுத்தியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக்குக் கரையே கிடையாது. நீர் ஏற ஏற அது மேட்டை நோக்கிப் பரவும், இறங்க இறங்கக் கரையை நோக்கிச் சுருங்கும்.

ஓர் ஏரியின் உறுப்புகள் இவை:

1. கரை. தாழ்ந்த பக்கத்தில் நீரைத் தாங்கும் மண்மேடு. இன்று பல ஊர்களில் இதன் மேல்தான் சாலை ஓடுகிறது.

2. உள்வாய். கரைக்கு உட்புறம், ஏரி நிரம்பினால் நீர் பரவும் இடம். நீர் குறைந்த மாதங்களில் இதன் ஓரங்கள் வெறும் புல்வெளி போலக் கிடக்கும்.

3. மதகு. கரையின் அடியில் இருக்கும் திறப்பு. வேண்டும்போது திறந்து வயலுக்கு நீர் விடுவார்கள்.

4. ஆயக்கட்டு. மதகுக்கு வெளியே, கரைக்குக் கீழே, அந்த நீரில் பாசனம் பெற்ற வயல்கள்.

5. கலங்கல். ஏரி முழுக் கொள்ளளவை எட்டியதும் மிஞ்சிய நீர் தானாக வழிந்து வெளியேறக் கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தாழ்வான இடம்.

6. வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய். முதலாவது ஏரிக்கு நீர் கொண்டுவரும். இரண்டாவது கலங்கலில் வழிந்த நீரை அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோகும்.

இந்தக் கடைசி உறுப்புதான் விஷயத்தின் முடிச்சு. எந்த ஏரியும் தனித்து இருந்ததில்லை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் நீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், அப்புறம் கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலைத் தேடிப் போகும். இது தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள சங்கிலி. மேற்கே பெய்யும் மழைக்கு வேறு வழி. பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஏறக்குறைய இந்த இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் உள்ள மேட்டில் ஓடுகின்றன.

ஊர்ப் பெயர்களைக் கவனித்தாலும் இது தெரியும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் என்பது ரயில் நிலையப் பெயராக மட்டும் நமக்குப் பழகிவிட்டது. முடிச்சூர் பக்கம் புதுத்தாங்கல் இன்றும் நீரோடு இருக்கிறது.

செய்தியில் வரும் எண்களைப் படிப்பது

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். "விநாடிக்கு 1,000 கன அடி திறப்பு" என்றால் ஒவ்வொரு விநாடியும் 28,300 லிட்டர் வெளியேறுகிறது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு சுமார் 11,600 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகிவிடும்.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால் ஒவ்வொரு விநாடியும் எட்டு லட்சத்துக்கு மேல்.

மழை அளவையும் இப்படி மாற்றிப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன் மேல் 10 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர் சுமார் 22,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு வந்து உங்கள் மனையில் கொட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம். மண்ணாக இருந்தபோது இதில் ஒரு பங்கை நிலம் குடித்தது. சிமென்ட் போட்ட முற்றத்திலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் கிட்டத்தட்ட முழுவதும் தெருவுக்கு வந்துவிடுகிறது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர்.

செம்பரம்பாக்கம் வேறு, முடிச்சூர் வேறு

2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மாடி வரை நீர் ஏறியது. செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் இது நடந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை பக்கம் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே, ஆற்றின் மேல்நிலையில் இருக்கின்றன. கீழே ஆறு நிரம்பி ஓடினால் மேலே வடிவது தாமதமாகலாம், உண்மைதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் வந்த நீர் பெரும்பாலும் ஆதனூர், மண்ணிவாக்கம் போன்ற ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அங்கேயே பெய்த மழையும்தான். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மக்களுக்குச் செம்பரம்பாக்கத் திறப்பு நேரடியான விஷயம். முடிச்சூர்க்காரருக்கு அந்த எண் சிறிதாக இருப்பது ஆறுதல் தரக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தவறான ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கை நமக்கு வந்து சேராது. ஒவ்வொரு குடியிருப்பும் பார்க்க வேண்டியது தன் சங்கிலியில் தனக்கு மேலே உள்ள ஏரிகளை. அவற்றின் நீர்மட்டமோ தொலைக்காட்சியில் வருவதில்லை. பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையின் பொறுப்பில் சில, உள்ளாட்சியின் பொறுப்பில் சில. கரையில் போய் நின்று பார்ப்பவருக்குத்தான் நிலவரம் தெரியும்.

ரயிலடி மேட்டிலிருந்து வயலுக்கு இறங்கிய கதை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கை இந்தப் பாதையை ஒட்டித்தான் வளர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய இடங்களில் முதலில் எழுந்த வீடுகள் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தன. ரயில் பாதை மேட்டில் போகிறது, ஆகவே வீடுகளும் பெரும்பாலும் மேட்டில் அமைந்தன.

இரு சக்கர வாகனமும் ஷேர் ஆட்டோவும் வந்த பிறகு நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியும் மனை வாங்கலாம் என்றாயிற்று. அப்படித் தள்ளிப் போகப் போக நிலம் தாழ்கிறது. அங்கே இருந்தவை ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. வேலை கிழக்கே, ரயில் மேற்கே. நடுவில் இருந்த மேடவாக்கம், செம்பாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம் எல்லாம் இரண்டுக்கும் எட்டும் இடங்களாகி, விலை ஏறியது.

ரயில் வடக்கு தெற்காக ஓடுகிறது. இந்த வேலைக்குப் போவோர் மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். ஆகவே தாம்பரம்–வேளச்சேரி சாலை, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை, மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை ஆகியவற்றின் மேல்தான் முழுச் சுமையும் விழுந்தது. ஏரிச் சங்கிலியும் சதுப்பும் குறுக்கே கிடக்கும் நிலத்தில்தான் இந்தச் சாலைகள் போகின்றன. ரேடியல் சாலை பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது, நாராயணபுரம் ஏரியை ஒட்டி ஓடுகிறது, பள்ளிக்கரணைச் சதுப்பைக் கடக்கிறது. நீர் போகும் திசைக்குக் குறுக்கே உயர்த்திப் போட்ட எந்தச் சாலையும் அணை போலத்தான் நடந்துகொள்ளும். அடியில் விட்ட சிறுபாலங்களின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீர்தான் மறுபக்கம் போக முடியும். மழை வலுத்தால் முதலில் மூடப்படுவதும் இதே சாலைகள்தான் என்பதால், வீட்டுக்குள் நீர் வராதவரும் அன்று வேலைக்குப் போக முடியாது.

ஏரியின் மேல் ஊர் கட்டும் பழக்கத்தைப் புறநகர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து எழுப்பப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, லேக் இல்லை. வீட்டு வசதி வாரியம் முகப்பேரில் போட்ட திட்டத்துக்குப் பெயரே ஏரித் திட்டம். வீடு தேவை, நிலம் அரசிடம் இருந்தது, நடுவே நீர் போன வழியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மூடிய மதகு

ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், என் பார்வையில் அதற்குச் சமமாக முக்கியமானதும், மதகு மூடிக் கிடப்பது.

வயல்கள் இருந்த காலத்தில் ஏரி எப்படி இயங்கியது என்று பாருங்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். முதல் மழையில் ஏரி பாதி நிரம்பும். மதகு திறக்கப்பட்டு நடவுக்கு நீர் போகும். ஏரி கொஞ்சம் இறங்கும். அடுத்த மழை அந்த இடத்தை நிரப்பும். மதகைத் திறந்து மூடவும், வயலுக்கு வயல் நீர் பிரிக்கவும் ஊரில் ஆள் இருந்தார். கரையைப் பார்த்துக்கொள்வது ஊர்ப் பொறுப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்ற குழு பேசப்படுகிறது. அந்த ஊர் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. மழை முடிந்து மாசி, பங்குனி வரை பாசனம் நடக்கும். கோடையில் ஏரி வற்றும், வண்டல் வாரி வயலுக்குப் போடுவார்கள். அடுத்த ஐப்பசிக்கு ஏரி காலியாகக் காத்திருக்கும்.

இப்போது ஆயக்கட்டு முழுவதும் வீடுகள். மதகைத் திறந்தால் நீர் யார் வாசலுக்குப் போகும்? ஆகவே மதகு அடைக்கப்பட்டது அல்லது தூர்ந்துபோனது. ஏரியிலிருந்து நீர் வெளியேற ஒரே வழிதான் மிச்சம், கலங்கல். கலங்கலோ ஏரி முழுவதும் நிரம்பிய பிறகுதான் வேலை செய்யும்.

இத்துடன் கழிவுநீரும் சேர்ந்துகொள்கிறது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க்தான் கதி. குளியலறை, சமையலறை நீரும், சில இடங்களில் டேங்க் நீரும் மழைநீர் வடிகாலில் விடப்படுகின்றன. மழைநீர் வடிகால் போய்ச் சேருமிடம் ஏரி. ஆகவே மழையே இல்லாத மாதங்களிலும் ஏரிக்கு நீர் வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சத்தை உண்டு ஆகாயத்தாமரை படர்கிறது, அது அழுகி அடியில் சேறாகிறது, கொள்ளளவு மேலும் குறைகிறது.

விளைவை வரிசையாகச் சொன்னால்:

1. ஐப்பசி தொடங்கும்போதே ஏரி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அதில் உள்ளது மழைநீரும் அல்ல.

2. முதல் பெருமழையிலேயே முழுக் கொள்ளளவு எட்டிவிடுகிறது.

3. அதன் பிறகு பெய்வது முழுவதும் கலங்கலில் வழிகிறது. வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தும் வேலையை ஏரி செய்வதே இல்லை.

4. கலங்கலுக்கு வெளியே போக்குக் கால்வாய் குறுகியிருக்கிறது அல்லது தெருவாகிவிட்டது. நீர் தெருவில் ஓடுகிறது.

5. அந்த நீர் போய்ச் சேரும் அடுத்த ஏரியும் அதே நிலையில் இருக்கிறது. சங்கிலியில் கடைசியில் இருப்பவர் எல்லோருடைய நீரையும் வாங்குகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நாள்கணக்கில் நீரில் நின்றதைக் கண்டோம். மேலே உள்ள ஏரிகளின் உபரி எல்லாம் வந்து சேரும் தாழ்ந்த இடம் அது. வெளியேற ஒக்கியம் மடுவு என்ற ஒரே பெரிய வழி. புயல் நேரத்தில் கடல் மட்டமும் உயர்ந்திருந்தால் அந்த வழியும் மெதுவாகத்தான் வடியும்.

மூன்று பக்கம், மூன்று விதச் சிக்கல்

"ஏரிக்குப் பக்கத்தில் வீடு" என்று சொல்வது போதாது. எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. உள்வாய்ப் பக்கம். கரைக்கு எதிர்ப்புறம், நீர் பரவும் ஓரம். இங்கே நீர் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், அதிக நாள் நிற்கும். ஏரி நிரம்பியிருக்கும் வரை வீட்டைச் சுற்றி நீர் வடிய இடமில்லை. பம்ப் வைத்து இறைத்தாலும் பலன் இல்லை, இறைத்த நீர் திரும்பி வரும். இந்தப் பக்கத்தில்தான் சட்டச் சிக்கலும் அதிகம், அதற்குக் கீழே வருகிறேன்.

2. ஆயக்கட்டுப் பக்கம். கரைக்குப் பின்னால், பழைய வயல். நிரம்பிய ஏரியின் நீர்மட்டம் இந்த வீடுகளின் தரையைவிட உயரத்தில் இருக்கும். கரை உறுதியாக இருக்கும் வரை ஆபத்து தெரியாது. கசிவால் சுவர் ஈரம் காக்கும், கிணறு நிரம்பியிருக்கும், செப்டிக் டேங்கில் நிலத்தடி நீர் ஏறிக் கழிப்பறை எதிர்த்து வரும். கரை உடைந்தால் நீர் நிமிடங்களில் வரும். கரையில் குப்பை கொட்டி, மரம் வளர விட்டு, குழாய்க்காக வெட்டித் தோண்டுவதெல்லாம் இவர்களின் பாதுகாப்பைத்தான் குறைக்கிறது.

3. கலங்கல் வழி. போக்குக் கால்வாய் இருந்த தடம். ஏரியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். வாங்கியவருக்கு ஏரியோடு தொடர்பு இருப்பதே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை, கலங்கல் வழியும் நாள்களில் மட்டும் தெரு ஆறாகும். நீர் வேகமாக வரும், வேகமாக வடியும். சுற்றுச்சுவர் சாய்வதும் பைக் அடித்துப் போவதும் இங்கேதான்.

2015-க்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுக்கு நீர் கொண்டுபோக மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. சாலைக்கு அடியில் கான்கிரீட் பெட்டி போல அமைத்து மேலே மூடிவிடும் கால்வாய் அது. வீடுகளை இடிக்காமல் நீருக்கு வழி தரும் ஏற்பாடு, மூன்றாவது வகைச் சிக்கலுக்கு ஓரளவு பலன் தரும். முதல் இரண்டு வகைக்கு அதனால் பயன் குறைவு.

மண் கொட்டி உயர்த்துவது

புதிய லேஅவுட்டுக்கோ அடுக்குமாடிக்கோ திட்ட அனுமதி கேட்கும்போது, தாழ்வான இடமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அந்தச் சான்றில் மனையை எவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை இருப்பது வழக்கம். அந்த மனைக்கு அது பாதுகாப்பு. பக்கத்தில் இருபது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டுக்கு? நேற்று வரை நீர் நின்ற இடம் மேடாகிவிட்டது, அந்த நீர் அவர் வீட்டுக்கு வருகிறது. அவரும் இடித்து உயர்த்திக் கட்டுகிறார். சாலையும் சுரண்டாமல் மேல் மேலாகப் போடப்படுவதால் உயர்ந்துகொண்டே போகிறது. வசதி இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், கணவர் ஓய்வூதியத்தில் கட்டிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், இவர்களின் வாசல்படி மட்டும் சாலைக்குக் கீழே போய்விடுகிறது. தனித்தனி மனைக்குச் சான்று கொடுக்கும் முறை இருக்கும் வரை இந்தப் போட்டி நிற்காது. முழுச் சங்கிலிக்கும் ஒரே கணக்குப் போட்டு, எங்கே நீர் நிற்கலாம் என்று முடிவு செய்வதுதான் சரி.

கோடையில் ஏன் லாரி?

தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் அடியில் கடினப் பாறை. பல இடங்களில் மண் அடுக்கு மெல்லியது. மழைநீரைச் சேர்த்து வைக்க ஏரியும், அதிலிருந்து கசிந்து நிரம்பும் கிணறுகளும்தான் ஆதாரம். மாடம்பாக்கம் ஏரியில் உள்ள கிணறுகள் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குக் குடிநீர் தந்திருக்கின்றன. இத்தகைய ஏரியில் கழிவுநீர் கலந்தால் இழப்பு இரட்டிப்பு. மழைக்காலத்தில் இடமும் போகிறது, கோடையில் நீரும் போகிறது. ஏரி நிரம்பிக் கிடந்தும் கிணற்று நீரைக் குடிக்க முடியாத தெருக்கள் இப்படித்தான் உருவாகின்றன. 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, லாரிகள் புறநகர்க் கிணறுகளை இரவும் பகலும் உறிஞ்சின. நகரத்தின் தாகமும் புறநகரின் மேல்தான் இறங்குகிறது.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. இதில் குழப்பம் அதிகம் என்பதால் சொற்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

1. ஏரி புறம்போக்கு என்பது அரசு நிலம். அதில் மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு எது இருந்தாலும் உரிமை வராது. 2007-இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. அளவீடு, அறிவிப்பு, அவகாசம், அகற்றுதல் என்று அது வழி வகுக்கிறது. ஏழைக் குடும்பங்களின் குடிசைகள் முதலில் இடிக்கப்படுவதும், அதே ஏரியில் பெரிய கட்டடங்கள் நிற்பதும் இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படிப் போகிறது என்பதைக் காட்டுகிறது. அது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

2. ஏரி உள்வாய்ப் பட்டா என்பது வேறு. நீர் பரவும் இடத்திலேயே தனியாருக்குப் பட்டா இருந்த நிலங்கள் உண்டு. நீர் குறைந்த மாதங்களில் பயிர் செய்ததால் வந்த உரிமை அது. பட்டா உண்மையானது, ஆனால் நிலம் நீரில் இருக்கும். புரோக்கர் பட்டாவைக் காட்டுவார், உள்வாய் என்பதைச் சொல்ல மாட்டார்.

3. அங்கீகாரமற்ற மனைகளை 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்திருந்தால் வரன்முறைப்படுத்தலாம் என்று 2017-இல் விதிகள் வந்தன. நீர்நிலையில் உள்ள மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை: சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) நிலத்தின் வகைப்பாடு, பழைய கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணுக்கு மட்டுமான புல வரைபடம், வில்லங்கச் சான்று. இவற்றில் கிராம வரைபடம்தான் அதிகம் பேசும். ஏரிக்கரை எங்கே, கலங்கல் எந்த முனை, கால்வாய் எந்தச் சர்வே எண்கள் வழியாகப் போனது என்பதை அது கோடு போட்டுக் காட்டும். இன்று அங்கே தெருவும் கோயிலும் மளிகைக் கடையும் இருக்கலாம், கோடு பொய் சொல்லாது. அப்புறம், கார்த்திகை மாதத்தில் ஒரு மழை நாளில் போய் மனையைப் பாருங்கள். பழைய குடியிருப்பாளர் ஒருவரிடம் 2015-இல் நீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

பள்ளிக்கரணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்

பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சார் என்பது ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தான ஈரானிய நகரத்தின் பெயர். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்தத் தலத்தின் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், தாக்க மண்டலம் வரையறுக்கப்படும் வரை புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரும்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கம் மனை வைத்திருப்பவர்களுக்கு இது பேரதிர்ச்சி. கடன் வாங்கி, அனுமதிக்குக் காத்திருந்தவர்கள் நடுவில் நின்றார்கள்.

தாக்க மண்டலம் என்பது அந்த ஈரநிலத்துக்கு நீர் வரும், அதிலிருந்து நீர் போகும் வழிகளை வைத்து வரையப்பட வேண்டிய எல்லை. ஒரு கிலோமீட்டர் வட்டம் தற்காலிகமானது, நீர் வட்டம் பார்த்து ஓடுவதில்லை. உண்மையான எல்லையை வரைந்தால் சில மேட்டு நிலங்கள் வெளியே போகலாம். அதே நேரம் நாராயணபுரம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் கால்வாய்கள் உள்ளே வர வேண்டும். ஆகவே செம்பாக்கத்தில் இருப்பவருக்கும் இது தன் விஷயம்தான்.

ஏரியைச் சீரமைப்பது என்றால் என்ன கேட்க வேண்டும்?

இப்போது பல ஏரிகளில் சீரமைப்பு நடக்கிறது. செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில் குடியிருப்பாளர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் வேலை நடந்தது. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பல இடங்களில் சீரமைப்பு என்பது நடைபாதை, விளக்கு, பூங்கா, வேலி என்று முடிந்துவிடுகிறது. உள்வாய்ப் பக்கமும் சுற்றிக் கரை போட்டு நடைபாதை அமைத்தால், மேட்டிலிருந்து வரும் மழைநீர் ஏரிக்குள் நுழையாமல் வெளியே தேங்கும். பார்க்க அழகாக இருக்கும், வரத்து அடைபடும்.

கூட்டங்களில் கேட்க வேண்டியவை வேறு. வரத்துக் கால்வாய் எத்தனை, ஒவ்வொன்றிலும் கழிவுநீர் எங்கே தடுத்துத் திருப்பப்படுகிறது? கலங்கலில் ஷட்டர் வைத்து, பெருமழைக்கு முன்பே ஏரியைச் சில அடி இறக்கி வைக்க முடியுமா? இறக்கினால் அந்த நீர் போகும் கால்வாய் அடுத்த ஏரி வரை திறந்திருக்கிறதா, அடுத்த ஏரிக்குப் பொறுப்பான அதிகாரியோடு பேசியாயிற்றா? ஷட்டரைத் திறக்கும் சாவி நள்ளிரவு மழையில் யாரிடம் இருக்கும், அவருடைய போன் எண் ஊருக்குத் தெரியுமா?